பாணர் மரபும் பள்ளிப் பாட்டும்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில், பள்ளி ஆண்டு விழா நெருங்கும் மாலைப்பொழுதுகளில் அவ்வழியே செல்பவர், ஒரே சினிமாப் பாட்டு வகுப்பறையிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிப்பதையும், எடுப்பைத் தவறவிட்ட சிறுமிக்காக ஆசிரியை மேசைமீது விரலால் தாளம் தட்டிக் காத்திருப்பதையும் காணலாம். வித்தியாசாலையில் இதுவா சங்கீதம் என்று மனம் வருந்தும் பெரியோர் உண்டு. அவர்களுடைய வருத்தத்தில் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்தப் பிரதேசத்தின் பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஜனங்கள் தெருவில் பாடிய பாட்டுத்தான் காலந்தோறும் பாடசாலைக்குள் புகுந்து பாடமாகி வந்திருக்கிறது என்பது புலனாகும்.

இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் எருக்கத்தம்புலியூர், விருத்தாசலத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. குலத்தின் காரணமாகக் கோயிலுக்குப் புறத்தே நின்று யாழ் வாசித்த அவரை, மதுரையில் இறைவனே உள்ளே அழைப்பித்து, தரையின் ஈரம் தாக்கினால் நரம்பு தளருமே என்று பொற்பலகை இடச் செய்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. நரம்பு தளரும் என்ற அந்த ஒரு நுட்பம், வாத்தியத்தைக் கையில் எடுத்து அறிந்தவர் வழியாகவே புராணத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஞானசம்பந்தருடன் தலந்தோறும் சென்ற அந்தப் பாணர், தருமபுரத்தில் ஒரு பதிகம் யாழுக்குள் அடங்காதது கண்டு, யாழையே உடைக்க ஓங்கினார் என்பதும், சம்பந்தர் தடுத்துவிட்டு, இயன்ற அளவு வாசிக்கச் சொன்னார் என்பதும் யாவரும் அறிந்த வரலாறு. பின்னர், தில்லைக் கோயிலின் அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை, காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி வெளிக்கொணர்ந்தபோது, பாட்டு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை. அப்போது பண் வகுத்துத் தந்தவர் எருக்கத்தம்புலியூர்ப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அவருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளி முதலிய நிலையங்களில் இன்று தேவாரம் மூன்றாண்டுப் பாடமாக நடக்கிறதென்றால், அந்தப் பாடத்தின் வேர் புறத்தே நிறுத்தப்பட்ட அந்தக் குடும்பத்தின் நாவில் இருந்தது.

ஆதனூர் நந்தனாரின் கதையும் அவ்வாறே. கோபாலகிருஷ்ண பாரதியார் அதைச் சிந்தாகவும் கண்ணியாகவும் கீர்த்தனையாகவும் பாட, அது காலட்சேபத்திலும் திண்ணையிலும் வயல்வெளியிலும் பரவியது. ராக லட்சணம் அறியாதவரும் அதன் மெட்டுக்களை அறிந்திருந்தனர்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய இசைக்கல்லூரியும் பல்கலைக்கழகமும் 1929இல் தோன்றின. சபேசையர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை ஆகிய மகாவித்வான்கள் அங்கே போதித்தனர். அவ்வளவு பெரிய ஸ்தாபனத்திலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் எது என்ற வினா எழத்தான் செய்தது. 1941 ஆகஸ்டில் அங்கே கூடிய தமிழிசை மாநாடு அதற்கு விடை தேடியது. தமிழ் உருப்படிகளை ஸ்வரப்படுத்திப் பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்டவை ஸ்வரக் குறிப்புடன் மாணாக்கர் கைக்கு வந்தன. மாநாட்டுக்கு அடுத்த ஆண்டு ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் பாடி நடித்து, தமிழ்நாடெங்கும் தம் குரலைக் கொண்டு சென்ற எம். எம். தண்டபாணி தேசிகரே, பின்னாளில் அந்தப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைமையில் அமர்ந்தார். படத்தில் கேட்ட குரலிடமே மாணாக்கர் பாடம் கேட்டனர். அதனால் சங்கீதத்துக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

இதைவிட அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகத்திலுள்ள வாழ்த்துப் பாடலை, 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, அதற்கு மெட்டமைத்தவர் திரைப்பட இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் அதைப் பாட வேண்டும் என்று விதித்தது. பாட்டு வாத்தியார் ஒருவர்கூட இல்லாத பள்ளியிலும் பிள்ளைகள் மோகனத்தைச் சுருதி பிசகாமலும் பிசகியும் பாடியே வளர்கிறார்கள். அது மோகனம் என்று அவர்களுக்குச் சொல்வார்தான் அரியர்.

பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்பது எனக்குக் கவலையில்லை. பாடுவதை அறியாமலே கடந்து போகிறார்களே என்பதுதான் கவலை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவில் மேடையும் பரிசும் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் உடனிருந்து கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். காலை வணக்கம் முடிந்தபின் இன்னும் ஐந்து நிமிஷம் பிள்ளைகளை அப்படியே நிறுத்தி, மோகனத்தின் ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரங்களையும் பாடிக் காட்டி, ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும் சினிமாப் பாட்டுக்களில் எது இந்த ராகத்தைத் தழுவி வருகிறதென்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அந்தச் சிறுமி தவறவிட்ட எடுப்பையும் அதே இடத்தில் கற்பித்துவிடலாம்.