எலி செத்தால் ஆர் கணக்கெடுப்பது?

2024 டிசெம்பர். பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் யாழ்ப்பாணத்தில் அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது. பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கமிருந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சிலர் திரும்பி வரவில்லை. "என்ன காய்ச்சல் எண்டு தெரியேல்லையாம்" என்பதுதான் அந்த நாட்களில் எங்கள் கைத்தொலைபேசிகளில் ஓடிய செய்தி. பத்திரிகைகள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதின. பிறகு பரிசோதனை முடிவு வந்தது: எலிக்காய்ச்சல். அதற்குள் ஏழு உயிர்களாவது போய்விட்டன.

உண்மையில் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எலியும் குப்பையும் மனிதரும் ஒரே இடத்தில் நெருக்குப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தத் தீவு நூறு வருடங்களுக்கு முதலே பார்த்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே திரும்பிப் பார்க்கிறோம்.

1894 இல் ஹொங்கொங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாந்தர் யெர்சன் என்ற மருத்துவர் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். வீடுகளிலும் தெருக்களிலும் எலிகள் செத்துக் கிடந்ததையும் அவர் கவனித்தார். 1896 இல் நோய் பம்பாய்க்கு வந்தது. 1898 இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற இன்னொரு மருத்துவர், எலியிலிருந்து எலிக்கு நோயைக் காவுவது தெள்ளுத்தான் என்று பரிசோதனை செய்து காட்டினார். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டிறங்கி வேறு சூடான உடம்பைத் தேடும். பக்கத்தில் மனிதர் படுத்திருந்தால் மனிதரில் ஏறும். சிமோன் சொன்னதைப் பல வருடங்கள் பெரும்பாலானோர் நம்பவில்லை.

பம்பாயில் பிளேக் வந்து பதினெட்டு வருடங்கள் கழித்து, 1914 ஜனவரியில், அது கொழும்புக்கும் வந்தது. புறக்கோட்டையும் செட்டியார் தெருவும் அன்று இந்தத் தீவின் அரிசி வந்திறங்கும் இடங்கள். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த மூட்டைகள் கிட்டங்கிகளில் அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகள். சிந்திய அரிசியும் தெருக் குப்பையும் எலிக்கு விருந்து. நோய் வேரூன்றியதும் அங்கேதான்.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் மலையக மக்களின் மூதாதையர்களை, நோய் கொண்டு வருவார்கள் என்ற பயத்தில், மண்டபம் போன்ற முகாம்களில் நாட்கணக்காக மறித்து வைத்துச் சோதித்தார்கள். மனிதரை மறிக்கலாம். அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வரும் தெள்ளை மறிப்பது அவ்வளவு லேசில்லை.

கொழும்பு மாநகரசபையில் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். எஃப். ஹேர்ஸ்ற் என்பவர் எலித் தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்தார். கொழும்பு எலிகளில் பொதுவாக இருந்தது, பிளேக்கை அவ்வளவு திறமாகக் காவாத ஓர் இனம். நோயை வேகமாகப் பரப்பும் மற்ற இனம் தானியக் கிட்டங்கிகள் இருந்த பகுதியில்தான் அதிகம் அகப்பட்டது. சரக்கோடு வந்திறங்கி, தீனி நிறைந்த இடத்தில் அது நிலைத்துவிட்டது. ஆகவே எலியைப் பிடித்துக் கொல்வது மட்டும் போதாது. எலி புகாத களஞ்சியம், வெளிச்சம் விழும் வீடு, குப்பை தேங்காத தெரு இவ்வளவும் வேண்டும். ஹேர்ஸ்ற் தன் வாழ்நாள் அனுபவத்தை 1953 இல் பிளேக் பற்றிய ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

பிளேக்கில் ஒரு 'நன்மை' இருந்தது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். அதில் எலிதான் முதலில் சாகும். கூரையில் இருந்து எலி செத்து விழுந்தால் சனம் உஷாராகலாம். எலிக்காய்ச்சலில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அது தன்பாட்டில் ஓடித் திரிந்து, போகிற இடமெல்லாம் சிறுநீரோடு கிருமியை விட்டுவிட்டுப் போகும். வெள்ளம் வந்தால் அது வாய்க்கால், வயல், முற்றம் எல்லாம் பரவும். காலில் ஒரு சின்னக் காயம் இருந்தாலே போதும். மனிதர் மட்டுமில்லை, மாட்டுக்கும் நாய்க்கும் இதே நோய் வரும். மாடு கன்று தங்காமல் போடும், நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். அவையும் தங்கள் சிறுநீரோடு கிருமியைத் திரும்ப மண்ணில் விடும்.

2008 இல் இலங்கையில் 7,000 க்கும் மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது. இறந்தவர்கள் 200 பேரளவில். இந்த நோய்க்கு முதலில் அகப்படுவது ஆர்? வயலுக்குள் இறங்குகிற விவசாயி, வெறுங்காலோடு வாய்க்கால் துப்புரவாக்குகிற தொழிலாளி. குப்பையை உண்டாக்குகிறவருக்கும் அதால் சாகிறவருக்கும் இடையில் எப்பவுமே ஒரு தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை நாங்கள்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு என்ன செய்தோம்? குப்பையைப் புத்தளம் அறுவைக்காட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தோம். "கொழும்பின்ர குப்பை எங்களுக்கு ஏன்?" என்று அந்த மக்கள் தெருவில் இறங்கினார்கள். நியாயமான கேள்வி.

கேட்க வாயில்லாதவையும் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் ஒரு குப்பை மேடு. காட்டோரம். யானைகள் வராமல் இருக்க மின்வேலி போட்டிருந்தார்கள். 2014 இல் மின்னல் விழுந்து அது பழுதானது, பிறகு திருத்தப்படவில்லை. யானைகள் மிச்சச் சோற்று வாசத்துக்கு வந்து, சோற்றோடு பொலித்தீனையும் விழுங்கின. 2022 ஜனவரியில் வந்த செய்தியின்படி, எட்டு வருடங்களில் அங்கே இறந்த யானைகள் ஏறத்தாழ 20. வயிற்றைத் திறந்து பார்த்தபோது பொலித்தீனும் உணவுப் பொதி உறைகளும் நிறைந்திருந்தன. யானை வழமையாகத் தின்னும் எந்தச் சாப்பாடும் இருக்கவில்லை.

1914 இன் எலி, 2022 இன் யானை, 2024 இன் மனிதர். மூன்றும் வேறு வேறு சாவுகள்தான். ஆனால் மூன்றிலும் நாங்கள் கழித்து எறிந்தது, எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னோர் உயிரின் உடம்புக்குள் போயிருக்கிறது. சில வேளை அங்கிருந்து திரும்பி எங்களிடமே வருகிறது. விலங்குகளின் சாவைக் கணக்கெடுக்காத சமூகம் தன் சாவையும் பிந்தித்தான் கணக்கெடுக்கும்.

அடுத்த மாரி வரப்போகிறது. அதற்கு முதல் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பிரதேச சபையிடம் ஒரேயொரு கேள்வி கேட்கலாம்: எங்கட ஒழுங்கையில குப்பை ஏத்துற றக்டர் அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுது? பதில் தெரிந்தால், ஒருநாள் அங்கே போய்ப் பாருங்கள். அங்கே ஆர் வாழ்கிறார்கள், எது மேய்கிறது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.