மதகுக்கு மேலும் கீழும்: வேலூரில் ஒரு பி12 வரலாறு

தில்லி சரோஜினி நகர்ச் சந்தையை ஒட்டிய மருந்துக்கடைகளில் நரம்புத் தளர்ச்சிக்கென பி12 மாத்திரையும், குடல் நலத்துக்கென உயிருள்ள பாக்டீரியா அடங்கிய கேப்சூலும் விற்பனையாகின்றன. வாங்குவோர் இவற்றை இரு வேறு உறுப்புகளுக்கான மருந்துகளாகவே கருதுகின்றனர். குடலுக்கும் மூளைக்குமான உறவு அண்மையில் மேலைநாட்டு ஆய்வகங்களில் கண்டறியப்பட்ட புதுமை என்னும் எண்ணம் கல்விப்புலத்திலும் உண்டு. ஆனால் அவ்வுறவின் முக்கியமான இழையொன்று அரை நூற்றாண்டுக்கு முன்பே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டது. தமிழில் அது ஏனோ அதிகம் பேசப்படவில்லை.

1962இல் அக்கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாய்ப்பாலையே நம்பி வளர்ந்த கைக்குழந்தைகள் சிலரைப் பற்றியது அது. அக்குழந்தைகளின் தோல் கறுத்திருந்தது, இரத்தம் சோகையுற்றிருந்தது. இவற்றினும் பெற்றோரைக் கலங்கவைத்திருக்கக்கூடியது வேறொன்று. முன்பு கற்றிருந்த அசைவுகளை அவை மறந்தன, அருகிருப்போரைப் பொருட்படுத்தவில்லை, கைகால்கள் தாமாகவே அசைந்தன. தாய்மார்களிடமே பி12 குறைவு. ஆகவே பாலிலும் குறைவு. அவ்வுயிர்ச்சத்தைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறின. மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படும் ஒரு பொருளின் இன்மை வளரும் மூளையை எந்த அளவுக்குப் பின்னிழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையாதிருக்க பி12 தேவை. அது குறைந்தால் நேரும் முதுகுத்தண்டுச் சிதைவை 1900இல் லண்டன் மருத்துவர்களான ரசல், பேட்டன், காலியர் மூவரும் விவரித்திருந்தனர். காரணப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டதோ 1948இல்தான். இதில் ஒரு விந்தை உண்டு. எந்தத் தாவரமும், எந்த விலங்கும் பி12ஐத் தாமே ஆக்குவதில்லை. பாலிலும் இறைச்சியிலும் உள்ளதனைத்தும் முதலில் நுண்ணுயிரிகள் ஆக்கியதே. எனில், மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏன் அதைத் தரவில்லை?

அவை தருகின்றன, ஆனால் பெரும்பகுதியைத் தவறான இடத்தில் தருகின்றன. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு இணைந்து, சிறுகுடலின் கடைப்பகுதியில் மட்டுமே பி12 உறிஞ்சப்படுகிறது. பாக்டீரியாக்கள் அடர்ந்து வாழும் பெருங்குடல் அதற்கும் அப்பால் உள்ளது. பாசன மொழியில் சொன்னால், கடைசி மதகுக்குக் கீழே ஊறும் நீர் வயலுக்கு ஏறாது.

மதகுக்கு மேலுள்ள சிறுகுடலின் நுண்ணுயிர்கள் வேலூருக்கு வேறொரு வழியில் அறிமுகமாயின. 1960களின் தொடக்கத்தில் வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்னும் நீடித்த வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோயாகப் பரவியது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அந்நோயாளிகளிடம் பி12 குறைந்திருந்தது. சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. உண்டவன் சத்தை உடனிருந்தே திருடும் உயிர்களாக பாக்டீரியாக்கள் அன்றைய மருத்துவத்துக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தமிழின் வழக்குச் சொல்லான ‘கிருமி’யும் அப்பார்வைக்கே பொருந்தியது, வடமொழியில் புழுவைக் குறித்த அச்சொல் தமிழில் தீங்கின் பெயராகவே நிலைத்துவிட்டது. ‘நுண்ணுயிரி’ என்னும் நடுநிலைச் சொல் பாடநூல் வழியாகவே பரவலாயிற்று.

எனினும் நோயற்ற தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் பாக்டீரியாக்கள் கணிசமாக வாழ்வதை அதே குழுவினர் கண்டனர். இது நோயா, இயல்பா? ஜான் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை இக்கேள்வியைத் திருப்பிப் போட்டது. சிறுகுடலில் வாழும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகை பாக்டீரியாக்கள் பி12ஐக் குறிப்பிடத்தக்க அளவில் ஆக்கக்கூடும் என அவர்கள் காட்டினர். திருடனெனக் கருதப்பட்ட குடியிருப்பாளன் வாடகையும் தரக்கூடும் என்றாயிற்று. இந்தியாவில் நலமாயிருந்த சைவ உணவினர் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தபின் பி12 குறைபாட்டுக்கு ஆளாவதேன் என்னும் அக்காலப் புதிருக்கும் இதில் விடை தேட இடமிருந்தது.

‘ஆக்கும்’ என்பதற்கும் ‘ஆக்கக்கூடும்’ என்பதற்கும் இடையே நீண்ட தொலைவு உண்டு. உருவான சத்து உடலில் எவ்வளவு சேர்ந்தது என்பது அக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் சைவ உணவை ஆதரித்து எழுதுவோர் கட்டுரையை எடுத்துக்கொண்டு ‘கூடும்’ என்னும் துணைவினையை விட்டுவிட்டனர். குடலே பி12ஐத் தந்துவிடும் என்ற நம்பிக்கை இப்படித்தான் அறிவியல் முத்திரை பெற்றது. பேக்கரின் பெயர் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் உள்ளது என்பதை இவர்கள் கவனித்திருக்கலாம். அத்தாய்மார்களின் குடல் அவர்களையும் காக்கவில்லை, மடியிலிருந்த குழந்தையையும் காக்கவில்லை.

2006இல் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 441 ஆண்களைச் சோதித்து, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் பி12 குறைவாக இருப்பதைக் கண்டனர். நகர நடுத்தர வர்க்கத்தாரிடமே குறைபாடு மிகுந்திருந்தது. புலாலுண்ணாமை அதற்கொரு காரணம். தூய குடிநீரும் மாறிய வாழ்க்கையும் சிறுகுடலின் நுண்ணுயிர்க் குடியைக் கலைத்ததும் ஒரு காரணமாகுமா என்று கேட்க வேலூர் ஆய்வு இடந்தருகிறது. விடை காணச் சிறுகுடலிலிருந்தே மாதிரி எடுத்தாக வேண்டும். குடலையும் மூளையையும் இணைத்துப் பேசும் இன்றைய மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை மலத்தையே சோதிக்கின்றன. அதுவோ மதகைத் தாண்டிப் போன நீர்.