பருத்திக்குள் குடியேறிய மரபணு

1901ஆம் ஆண்டு. ஜப்பானில் பட்டுப்புழுக்கள் தட்டுத்தட்டாகச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் தேடிய இஷிவாடா ஷிகெடானே, செத்த புழுவின் உடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்கள் மடிவதை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் பெர்லினர் கையிலும் அதே பாக்டீரியா அகப்பட்டது. தூரிங்கியாவை வைத்து அதற்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். சுருக்கமாக பி.டி.

பட்டு வளர்ப்போருக்கு எதிரியாக வந்தது, உழவருக்கு உதவியாளாக மாற அதிக காலம் ஆகவில்லை. 1938இலேயே பிரான்சில் இதைத் தெளிப்பு மருந்தாக விற்றார்கள். இன்றும் இயற்கை வேளாண்மை செய்பவர்கள் பி.டி. கரைசலைத் தயங்காமல் தெளிக்கிறார்கள். இந்த பாக்டீரியா தனக்குள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. அதை விழுங்கும் புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, குடல் சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகிறது. மனிதனின் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் கிடையாது. ஆகவே புழுவுக்கு நஞ்சாகும் இந்தப் புரதம் நம் உடலில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப்போகிறது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹோவர்ட் டல்மேஜ் என்ற ஆய்வாளர், முந்தையவற்றைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஒரு பி.டி. வகையைக் கண்டெடுத்தார். அது கிடைத்தது நோயுற்றுச் செத்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களின் உடலிலிருந்து. இந்தப் புழுவைப் பிறகு மீண்டும் சந்திப்போம்.

1981இல் சியாட்டிலில் எர்னஸ்ட் ஷ்னெப்பும் ஹெலன் வைட்லியும் படிகப் புரதத்தை உருவாக்கும் மரபணுவைத் தனியே பிரித்துப் படியெடுத்தார்கள். 1987இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அத்தகைய மரபணு புகையிலைச் செடிக்குள் சென்றது. இலையைக் கடித்த புழு செத்தது. அடுத்து மான்சான்டோ நிறுவனம் கிரை1ஏசி என்ற மரபணுவைச் செடிக்கு ஏற்றபடி திருத்தி, கோக்கர் 312 என்ற அமெரிக்கப் பருத்தி ரகத்துக்குள் புகுத்தியது. 1996இல் அமெரிக்க வயல்களில் பி.டி. பருத்தி விதைக்கப்பட்டது. மேலே தெளித்துவந்த மருந்தைச் செடியே தனக்குள் தயாரிக்கத் தொடங்கியது.

இந்தியாவுக்கு அது வந்த அளவு 100 கிராம். 1995இல் உயிரித் தொழில்நுட்பத் துறை அனுமதி கொடுக்க, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவைச் சேர்ந்த மஹிகோ நிறுவனம் அந்தக் கோக்கர் விதையை இறக்குமதி செய்து, நம் பருத்திகளோடு கலப்புச் செய்யத் தொடங்கியது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் இந்தக் கட்டத்தில் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. மரபணு குடியேறியது ரகங்களுக்குள் அல்ல, வீரிய ஒட்டுப் பருத்திக்குள்.

வீரிய ஒட்டுப் பருத்தி நம் நாட்டுக் கண்டுபிடிப்பு. 1970இல் சூரத்தில் சி.டி. படேல் வெளியிட்ட எச்4 உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தி. அதன் விதை கைவேலையில் உருவாகிறது. மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிற்பகலில் தேடிப்பிடித்து, இதழையும் மகரந்தத் தண்டையும் சூலகத்துக்குச் சேதமில்லாமல் நகத்தால் உரித்தெடுக்க வேண்டும். அடையாளத்துக்குச் சிவப்புத் தாள் உறை ஒன்றை மாட்டிவிட வேண்டும். காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு மொட்டுக்கும் இதே வேலை. இதைச் செய்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்களும் சிறுமிகளும் என்பதைக் குழந்தைத் தொழிலாளர் ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. இப்படிப் பிறந்த விதையை உழவர் ஒருமுறைதான் விதைக்கலாம். அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் செடிகள் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும், விளைச்சல் குறையும். அதனால் ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளில் இதே மரபணு சாதாரண ரகங்களில் சென்றது. அங்கே குறுகிய காலத்தில் முதிரும் செடிகளை நெருக்கமாக விதைத்து, ஒரே வீச்சில் அறுவடை செய்து, நிலத்தைக் காலி செய்கிறார்கள். நம் வீரிய ஒட்டுச் செடி விலை உயர்ந்த விதையில் பிறப்பது; இடைவெளி விட்டு நட்டு, ஆறேழு மாதம் காட்டில் நிறுத்தி, பலமுறை பறிக்க வேண்டியது.

வழியெங்கும் சண்டை நடந்தது. 1998இல் கர்நாடகத்தில் எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையில் உழவர்கள் சோதனை வயல்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். 2001இல் குஜராத்தில் காய்ப்புழு பருத்தியைச் சூறையாடியபோது சில ஆயிரம் ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது. அங்கே இருந்தது நவபாரத் 151 என்ற விதை. சோதித்துப் பார்த்தால் உள்ளே பி.டி. மரபணு. அரசு அனுமதி கொடுக்கும் முன்பே மரபணு நாட்டுக்குள் பரவிவிட்டிருந்தது. கொளுத்தச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள், உழவர்கள் மறுத்தார்கள். 2002 மார்ச் 26 அன்று மூன்று வீரிய ஒட்டுகளுக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது.

450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும் பகுதி மரபணுவுக்கான உரிமைத் தொகை. 2006இல் ஆந்திர அரசு முற்றுரிமை வணிக ஆணையத்திடம் முறையிட்டு, விலையை 750க்குக் கொண்டுவந்தது. 1,600 ரூபாய்க்கு மேல் கொடுத்தும் உழவர் வாங்கினார் என்றால், முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அசையவில்லை. 1997-98இல் வாரங்கல் பகுதியில் பருத்தி பொய்த்து, கடனில் மூழ்கிய உழவர்கள் தெளிக்க வாங்கிய மருந்தையே குடித்தார்கள். அந்தப் பச்சைக் காய்ப்புழுவை பி.டி. பருத்தி அடக்கியது. இதை மறுப்பது நேர்மையாகாது.

விளைச்சல் 2001-02இல் ஹெக்டேருக்கு 308 கிலோ பஞ்சு. 2007-08இல் 554 கிலோ. உழவர் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்ட மட்டின் காயிம் குழுவினர், பி.டி.யால் ஏக்கருக்கான விளைச்சல் 24 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டனர். நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தியும் மானுடவியலர் கிளென் ஸ்டோனும் 2020இல் வேறு கணக்கைக் காட்டினார்கள். பாசனமும் உரமும் புதிய பூச்சிமருந்துகளும் அதே ஆண்டுகளில்தான் பெருகின. உயர்வின் பெரும் பங்கு அவற்றுக்குரியது என்பது அவர்கள் வாதம். எந்தக் கணக்கை ஏற்றாலும் பின்னால் நடந்ததில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 2014க்குப் பிறகு விளைச்சல் இறங்கியது. இறக்கியதில் முக்கியப் பங்கு, டெக்சாஸில் நாம் பார்த்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு.

இந்தப் புழுவின் வேலை வெளியே தெரியாது. தாக்கிய பூ விரியாமல், இதழ்கள் முறுக்கிக்கொண்டு ரோஜா மொட்டுப்போல நிற்கும். காய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிளந்தால் ஒரு சுளை வெள்ளையாகவும் அடுத்தது பழுப்பேறிச் சொத்தையாகவும் இருக்கும். இரண்டு விதைகளை நூலால் ஒன்றாகத் தைத்து, நடுவே சுருண்டு கிடக்கும் புழு அடுத்த பருவம் வரை உறங்கும். ஒரு காய்க்கு மருந்து அடித்துப் புழுவைப் பிடிக்க முடியாது. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

எதிர்ப்புத் திறன் வரும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான். அதற்காகவே ஒவ்வொரு பொட்டலத்துடனும் பி.டி. இல்லாத 120 கிராம் விதை கொடுத்தார்கள். வயலின் ஓரத்தில் அதை விதைத்தால், நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் அங்கே பிழைக்கும். அவை தப்பிப் பிழைத்த புழுக்களோடு கலந்து எதிர்ப்புத் திறன் பரவுவதைத் தடுக்கும். புகலிடப் பயிர் என்பது அதன் பெயர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஊரே சேர்ந்து செய்தால்தான் பயன் உண்டு. ஒருவர் மட்டும் செய்தால் இழப்பு அவருக்கு. ஏன் என்று விளக்கவும் ஈடு கட்டவும் யாரும் வரவில்லை. பெரும்பாலான வயல்களில் அந்தச் சிறு பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

வீரிய ஒட்டு இன்னொரு கேட்டையும் செய்தது. ஒட்டுச் செடியின் காய்க்குள் உருவாகும் விதைகள் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மரபணுவைக் கணக்கில் கொண்டால் நான்கில் ஒரு விதையில் அது இராது. விதையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நஞ்சுள்ளதையும் இல்லாததையும் மாறி மாறித் தின்று, மெல்ல மெல்லப் பழகிக்கொள்ள இது இடம் கொடுத்தது. ஆறேழு மாதம் காட்டில் நிற்கும் பயிர் அதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. 2010இல் குஜராத்தின் அம்ரேலி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் புழு கிரை1ஏசியை வென்றுவிட்டதாக மான்சான்டோவே அறிவித்தது. இரண்டு மரபணுக்கள் கொண்ட அடுத்த விதையும் சில ஆண்டுகளில் தோற்றது. 2017இல் மகாராஷ்டிரத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் சொத்தையாகப் போனது. அந்த ஆண்டு யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் இருபதுக்கு மேற்பட்டோர் நச்சேறி இறந்தார்கள். மருந்துத் தெளிப்பைக் குறைக்க வந்த பயிரின் காட்டில் இது நடந்தது.

அதே புழு, அதே மரபணு. அமெரிக்காவின் அரிசோனாவில் கதை வேறு. அங்கே உழவர்கள் புகலிடப் பயிரை ஒழுங்காக வைத்தார்கள். பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து தூவினார்கள். 2018இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது.

மரபணுவின் இன்னொரு பாதை கத்தரிக்குச் சென்றது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மஹிகோவிடமிருந்து கிரை1ஏசி பெற்று, கோ-2, எம்.டி.யு-1, கே.கே.எம்-1, பி.எல்.ஆர்-1 ஆகிய நம் ரகங்களில் ஏற்றியது. இவை ஒட்டு விதைகள் அல்ல. உழவர் விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியவை. 2009 அக்டோபரில் மத்தியக் குழு ஒப்புதல் தந்தது. மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டார். கத்தரியின் தாயகங்களில் ஒன்று இந்தியா. காட்டு உறவுகளோடு மகரந்தம் கலக்கும் என்ற அச்சமும், நீண்ட காலப் பாதுகாப்பைச் சுயேச்சையாகச் சோதிக்கவில்லை என்ற குறையும் முன்வைக்கப்பட்டன. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் அவசரம் வேண்டாம் என்றார். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் போன்றோர் முழுமையாக எதிர்த்தார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையற்ற தடை வந்தது.

அதே கத்தரி எல்லை தாண்டி வங்கதேசம் சென்றது. அந்நாட்டு அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2013இல் நான்கு ரகங்களுக்கு அனுமதி பெற்று, 2014 ஜனவரியில் 20 உழவர்களிடம் கொடுத்தது. முதல் பருவத்தில் சில வயல்கள் தோற்றன, எதிர்ப்பு எழுந்தது. பின்னர் பரவியது. கத்தரியைத் தாக்கும் காய்த்துளைப்பான் புழுவுக்கு வாரத்துக்கு இருமுறை மருந்தடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், மருந்துச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. விதையை உழவர்கள் தாங்களே எடுத்துவைக்கிறார்கள். அங்கும் ஒரே மரபணுவை நம்பி நிற்கும் ஆபத்து நீங்கவில்லை. புகலிட வரிசையை விட்டுவிட்டால் காய்த்துளைப்பானும் ஒருநாள் பழகிக்கொள்ளும்.

இந்தப் பயணத்தைத் தொடர்ந்து பார்த்தபின், மரபணு மாற்றுப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டு அணி பிரிவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மரபணு அரிசோனாவில் புழுவை ஒழித்தது, மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாவில் புழுவை வளர்த்தது, வங்கதேசத்தில் மருந்துத் தெளிப்பைக் குறைத்தது. வேறுபாட்டை உண்டாக்கியவை விதையின் வடிவம், அதன் உரிமை, அதைச் சுற்றியிருந்த சாகுபடி ஒழுங்கு. இவை மூன்றும் நாம் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள். அவற்றை நிறுவனங்களின் லாபக் கணக்குக்கும் அரசின் அலட்சியத்துக்கும் விட்டுவிட்டு, விளைவை உழவர் தலையில் கட்டியதுதான் நம் நாட்டில் நடந்த அநீதி.

அடுத்து வரிசையில் இருப்பவை வேறு பயிர்கள். மரபணு மாற்றிய கடுகு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூலையில் நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பைத் தந்தார்கள். மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்துவிட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விதை அனுமதியில்லாமலே பல மாநிலங்களில் விற்கிறது. ஒவ்வொன்றிடமும் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. இந்த விதையை உழவர் எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாமா? அரசு நிறுவனம் அதைத் தருமா? பாதுகாப்புச் சோதனையை விற்பவரைத் தவிர வேறு யார் செய்தார்கள்? பூச்சி பழகாமல் இருக்கப் புகலிடப் பயிரின் இழப்பை யார் ஏற்பார்கள்? பொய்த்துப்போனால் ஈட்டுத்தொகை எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராத விதைக்கு அனுமதி தரக்கூடாது. பதில் இருக்கும் விதையை, அது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளவும் கூடாது.