லச்சக்கொட்டை கீரை மஞ்சளா இருக்கா? தூக்கிப் போட்டுடாதீங்க!

முருங்கை, அரைக்கீரை தெரிந்த அளவுக்கு லச்சக்கொட்டை கீரை பலருக்குத் தெரியாது. தமிழக வீடுகளில் மரமாக வளரும் இதன் இலை இயல்பிலேயே வெளிர் மஞ்சள். நல்ல வெயிலில் மஞ்சள் கூடும், நிழலில் பச்சை கூடும். இது தெரியாமல், 'பழுத்துப் போச்சு' என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

புதுசா, பழசா?
நிறத்தைப் பார்க்காதீங்க, தொட்டுப் பாருங்க. விறைப்பாக இருந்தால் புதுசு. துவண்டு, வழவழப்பாக இருந்தால் வேண்டாம்.

எப்படி வைப்பது?
கழுவாமல், ஈரமில்லாமல் பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் 2, 3 நாள் தாங்கும். வீட்டில் மரம் இருந்தால் சமைக்கும்போது பறிப்பதே நல்லது. கிளையை ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும்.

செட்டிநாட்டு மண்டி செய்வது எப்படி?
காரைக்குடி பக்கம் மண்டி என்றால் அரிசி களைந்த தண்ணீரில் வைப்பது. இலையின் நடு நரம்பை நீக்கி நறுக்குங்க. சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு வதக்குங்க. கீரை, உப்பு, இரண்டாவது முறை களைந்த தண்ணீர் சேர்த்து மூடாமல் வேகவிடுங்க. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கிடுங்க. கொதித்தால் பால் திரிந்துவிடும்.

கவனிக்க...
மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்வாங்க. அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க.