பழைய பிக்கப்பின் முன்கண்ணாடி

1956ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புக்கு முன்கண்ணாடி தேடுகிறவர் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். 1955ஆம் ஆண்டு வண்டியின் கண்ணாடி அதில் உட்காராது. 1957ஆம் ஆண்டுக் கண்ணாடியும் உட்காராது. இரு ஓரங்களும் பக்கவாட்டில் வளைந்து திரும்பும் அந்த அகலக் கண்ணாடியையும் அதைத் தாங்கும் கேபினையும் ஃபோர்டு அந்த ஓராண்டுக்குத்தான் செய்தது. செவர்லேயில் குழப்பம் இன்னும் கூடுதல். 1955ஆம் ஆண்டின் நடுவில் அந்த நிறுவனம் பிக்கப்பின் உருவத்தையே மாற்றிவிட்டது. அதனால் ஆவணத்தில் 1955 என்றிருக்கும் இரண்டு செவர்லே வண்டிகளுக்கு இரண்டு வேறு கண்ணாடிகள் தேவைப்படலாம்.

பழைய வண்டிக்குக் கண்ணாடி மாற்றுவதில் பெரும்பாதி வேலை, புதுக் கண்ணாடி வந்து இறங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டி எந்தக் காலத்தில் பிறந்தது, அந்தக் காலம் கண்ணாடியை எதைக்கொண்டு பிடித்து நிறுத்தியது என்று தெரிந்துகொள்வதே அதில் முதல் வேலை.

ஆரம்பத்தில் முன்கண்ணாடி என்பது காற்றையும் தூசியையும் தடுக்க நிறுத்திய சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். மோதலில் அது கத்தி கத்தியாக உடைந்து முகத்தைக் கிழித்தது. இதற்கு மாற்று பாரிஸில் தற்செயலாகக் கிடைத்தது. 1903இல் எத்வார் பெனெதிக்துஸ் என்ற வேதியியலாளரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் வற்றிப்போய், சுவரில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அப்படியொரு படலத்தை வைத்து 1909இல் காப்புரிமை பெற்றார். கார் தயாரிப்பாளர்கள் உடனே ஓடி வந்து வாங்கிவிடவில்லை. முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்வில்லைகளுக்குத்தான் அது முதலில் பெரிய அளவில் பயன்பட்டது.

1927 டிசம்பரில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ, மலிவு விலைக் கார் ஒன்றுக்கு இப்படி நடுவே படலம் வைத்த லேமினேட் முன்கண்ணாடியைக் கொண்டுவந்தது. ஆனால் செல்லுலோஸ் படலத்துக்கு வெயில் ஆகாது. சில ஆண்டுகளில் மஞ்சளித்து, ஓரம் பிரிந்து, கொப்புளம் போட்டது. முப்பதுகளின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரல் என்ற நெகிழ்வான பிளாஸ்டிக் வந்த பிறகே தொல்லை ஓய்ந்தது. 1966 மாடல்களிலிருந்து அமெரிக்காவில் அந்தப் படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 ஆக இரட்டிப்பானது. தலை மோதினால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகாமல் உள்ளேயே தாங்கிக்கொள்ள அந்தத் தடிமன் தேவைப்பட்டது.

பிக்கப் உலகம் கார்களுக்குப் பின்னால் மெதுவாகத்தான் நடந்தது. 1947 முதல் 1953 வரை வந்த செவர்லே பிக்கப்பில் நடுவே ஒரு கம்பி, இருபுறமும் இரண்டு தட்டைக் கண்ணாடிகள். இந்த வண்டி வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். உடைந்த கண்ணாடியையே அளவாகக் காட்டினால், லேமினேட் தகட்டிலிருந்து எந்தக் கண்ணாடிக் கடைக்காரரும் வெட்டித் தந்துவிடுவார். 1954இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்ததும் அந்த வசதி போயிற்று. வளைந்த கண்ணாடியை வெட்டி உருவாக்க முடியாது. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சின் மீது வைத்து, உலைச் சூட்டில் தம் எடையாலேயே தொய்ந்து வளைய விட வேண்டும். அச்சு இருக்கும் தொழிற்சாலை மட்டுமே அதைச் செய்யும்.

அடுத்து வந்தது ஓரங்கள் மடங்கிய அகலக் கண்ணாடி மோகம். பார்க்க ஜெட் விமானத்தின் முகப்பு போல இருக்கும். ஏறி இறங்கும்போது முன்தூணில் முழங்கால் இடிக்கும், ஓர வளைவில் சாலை நெளிந்து தெரியும். அழகுக்காகப் பட்ட பாடு என்று அதைச் சொல்லலாம். செவர்லே பிக்கப் அதை 1963 மாடலோடு விட்டது.

இந்தக் கண்ணாடிகளையெல்லாம் பிடித்து வைத்திருந்தது ரப்பர் பீடிங். ஒரு பள்ளத்தில் கண்ணாடி, மறு பள்ளத்தில் கேபினின் தகர விளிம்பு. ஐம்பது அறுபது ஆண்டு வெயிலில் அந்த ரப்பர் எலும்பாக இறுகிவிடும். பழைய கண்ணாடியைக் காப்பாற்ற நினைப்பவர் நெம்பக்கூடாது. பீடிங்கைக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டுக் கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும். வைப்பர் கைகளையும் உள்ளே பின்புறம் பார்க்கும் கண்ணாடியையும் கழற்றி, டேஷ்போர்டின் மேல் கெட்டியான போர்வை விரித்த பிறகே கத்தியைத் தொடலாம்.

உண்மையான நிலவரம் அப்போதுதான் தெரியும். கீழ் மூலைகளில் பல ஆண்டுச் சருகும் மண்ணும் ஈரம் குடித்துக் கிடக்கும். அடியில் தகரம் துருவேறி ஓட்டையாகியிருக்கும். அதன்மேல் புது ரப்பரை வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் காலடிக்கு வந்துவிடும். துருவைச் சுரண்டி, தேவையானால் டிங்கர் வைத்துப் புதுத் தகரம் பற்றவைத்து, பிரைமரும் பெயிண்டும் நன்றாகக் காய விட வேண்டும். விளிம்பில் பழைய அடியால் ஒரு நெளிவு இருந்தாலும் தட்டி நேராக்கியாக வேண்டும். லேமினேட் கண்ணாடி நெருக்கலைப் பொறுக்காது. பொருத்திய மறுநாள் மூலையிலிருந்து தானாக விரிசல் ஓடும்.

பீடிங் வாங்கும்போது இன்னொரு கேள்வி உண்டு: குரோம் பட்டை வைத்த வண்டியா, இல்லாததா? பட்டைக்கென்று தனிப் பள்ளம் உள்ள ரப்பர் வேறு, சாதா ரப்பர் வேறு. பொருத்துவது இரண்டு ஆள் வேலை. பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, தகரம் போகும் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிலும் செலுத்தி, முனைகள் கீழ் நடுவில் கேபினுக்குள் தொங்கும்படி விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவியபின் ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும்.

இந்தியாவில் கவலை வேறாக இருந்தது. மூக்கு நீண்ட பழைய டாடா லாரிகளிலும் நடுக்கம்பியோடு இரட்டைக் கண்ணாடிதான். ஆனால் முன்புறம் லேமினேட் கண்ணாடியே வேண்டும் என்ற கட்டாயம் 1993ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதித் திருத்தத்தில்தான் வந்தது. அதுவும் மூன்றாண்டுக்குப் பின் தயாராகும் வண்டிகளுக்கு. லேமினேட் அல்லாத, சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியில் கல் பட்டால் ஒரு நொடியில் முழுதும் பொரிந்து வழி மறைந்துவிடும். அதனால் பழைய வண்டிக்கு மாற்றும்போது, கண்ணாடி மூலையில் பொறித்திருக்கும் முத்திரையில் எந்த வகை என்று பார்த்து வாங்குவது நல்லது.

அமெரிக்காவில் 1970 முதல் கார்களுக்கு வந்த ஒரு பாதுகாப்பு விதி ரப்பர் காலத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் முன்கண்ணாடியின் சுற்றளவில் பெரும்பகுதி சட்டத்தை விட்டு விலகக்கூடாது என்றது அது. எழுபதுகளின் பிற்பகுதியில் சிறு டிரக்குகளுக்கும் நீண்டது. ரப்பரைவிடப் பசை உறுதியாகப் பிடித்தது. காலப்போக்கில் யூரித்தேன் பசை வழக்கமாயிற்று. பயணி பக்கத்து ஏர்பேக் வந்தபின் பசையின் பொறுப்பு இன்னும் கூடியது, ஏனென்றால் உப்பி எழும் பை கண்ணாடியின் மேல்தான் முதுகைச் சாய்க்கிறது.

பசையால் கண்ணாடி ஒட்டிய இந்த வண்டிகளில் முன்னேற்பாடு தலைகீழாக மாறுகிறது. ரப்பர் வண்டியில் பழையதைச் சுத்தமாக அகற்ற வேண்டும். இங்கே பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவைத்துச் சீவுகிறார்கள். புதுப் பசை பெயிண்டைவிட அந்தப் பழைய பசையைத்தான் நன்றாகப் பற்றும். சீவிய இடத்தில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கே ஒட்டைக் கெடுக்கும். தகரம் வெளியே தெரியும் கீறலுக்கெல்லாம் பிரைமர் வைக்க வேண்டும். யூரித்தேன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதனால் வறண்ட குளிர்நாளில் வண்டியை எடுக்கக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது பசைக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும்.