இருநூறு வரை சரி, 243-ல் பிசகு

1, 2, 3, 5... அடுத்து என்ன?

பேங்க் பரிட்சைக்குத் தயாராகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 8 என்பார்கள். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது, அதாவது ஃபிபனாச்சி வரிசை. இத்தாலிக்காரரான ஃபிபனாச்சி 1202-ல் இதை முயல் கணக்காக எழுதினார். அதற்கு முன்பே இந்திய யாப்பிலக்கணக்காரர்கள், ஹேமச்சந்திரர் உட்பட, இதைக் கண்டுவிட்டார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக அடுக்கலாம்? 5. ஐந்து மாத்திரையை? 8.

ஆனால் 7 என்று எழுதியவருக்கும் மார்க் போடத்தான் வேண்டும்! 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரித்துப் பாருங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம் (1+3, 3+1 இரண்டும் ஒன்றுதான்). இப்படியே 1, 2, 3-க்கு முறையே 1, 2, 3 விதங்கள். 5-க்கு மட்டும் 8 வராது, 7 வரும். முதல் நான்கு எண்களை வைத்து எந்த விதி என்று சொல்லவே முடியாது.

இந்தப் பிரிவினை எண்கள் சாதுவாக ஆரம்பித்துப் பூதமாக வளரும். 10-ஐ 42 விதமாகப் பிரிக்கலாம், 100-ஐ 19 கோடிக்கும் மேல். ராணுவ மேஜராக இருந்து கணிதத்துக்கு வந்த மக்மஹோன், ஆய்லரின் ஒரு சூத்திரத்தை வைத்து 200 வரைக்கும் கையாலேயே போட்டு அட்டவணை தயாரித்தார். கால்குலேட்டர் எல்லாம் கிடையாது. 200-க்கு விடை 3972999029388, அதாவது கிட்டத்தட்ட 3 லட்சத்து 97 ஆயிரம் கோடி. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க இந்த அட்டவணைதான் உதவியது.

சூத்திரம் பாஸ். ஆனால் ராமானுஜன் அட்டவணையை மூடி வைக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் கணக்கு குமாஸ்தாவாக இருந்தவர் அல்லவா, எண் பத்தியைக் கண்டால் விடுவாரா? 4, 9, 14, 19, 24 ஆகியவற்றுக்கு நேரே இருந்தவை 5, 30, 135, 490, 1575. எல்லாம் 5-ஆல் வகுபடுகின்றன! 7-க்கும் 11-க்கும் இதே மாதிரி ஒழுங்கு தெரிந்தது. 1919-ல் வெளிவந்த கட்டுரையில் 5-க்கும் 7-க்கும் நிரூபணமே கொடுத்துவிட்டார்.

அதோடு நிற்காமல் ஒரு படி மேலே போனார். 24-க்கு நேரே இருப்பது 25-ஆல் வகுபடுகிறது, 99-க்கு நேரே இருப்பது 125-ஆல். 7-ஐ எடுத்தால், 5-க்கு நேரே 7. 47-க்கு நேரே 124754, இது 49-ஆல் வகுபடுகிறது. அப்படியானால் 5, 7, 11 ஆகியவற்றின் எந்த அடுக்கை எடுத்தாலும், அதற்குரிய இடங்களில் இருக்கும் எண்கள் அந்த அடுக்கால் வகுபடும் என்று ஊகித்தார். 1920 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது ஊகமாகவே இருந்தது.

7-ன் அடுத்த அடுக்கு 343. அதைச் சோதிக்க வேண்டிய முதல் இடம் 243. மக்மஹோனின் அட்டவணையோ 200-லேயே முடிந்துவிட்டது! இன்னும் 43 வரி இருந்திருந்தால் ராமானுஜன் அந்த ஊகத்தை அப்படி எழுதியிருக்கவே மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கையிலிருந்த எந்த எண்ணும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை.

பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். 1934-ல் சவ்லா அதில் 243-க்கு நேரே பார்த்தார்: 133978259344888. 7-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மறுபடி 7-ஆல், மீதி இல்லை. மூன்றாவது முறை வகுத்தால் 5 மீதி. (சந்தேகம் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். செல்போன் கால்குலேட்டர் சில சமயம் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும், பேப்பர்தான் நல்லது.)

ஊகத்தில் உடைந்தது 7-ன் பகுதி மட்டும்தான். 1938-ல் வாட்சன் அதைச் சரி செய்தார். 7-ன் அடுக்கு 1, 2, 3, 4 என்று ஏறும்போது, நிச்சயமாக வகுக்கும் அடுக்கு 1, 2, 2, 3 என்றுதான் ஏறுகிறது. முதல் இரண்டும் ஒன்றேதான், ராமானுஜன் கண்ணில் பட்டதும் அந்த இரண்டுதான். 5-க்கு அவர் சொன்னது அப்படியே சரி என்பதையும் வாட்சனே நிரூபித்தார். 11 மட்டும் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டே போய், 1967-ல் ஆட்கின் கையில் முடிந்தது. அதிலும் ராமானுஜன் சொன்னதுதான் சரி.