பைண்டிங் கடையில் படித்த விஞ்ஞானி

நாம் எல்லோரும் நிறையத்தான் படிக்கிறோம். ஆனால் பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்து அதில் எவ்வளவு மண்டையில் மிச்சம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பையன் விடை கண்டுபிடித்திருக்கிறான். அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே.

1791-ல் லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். ஏழைக் குடும்பம். எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போட... அவ்வளவுதான் பள்ளிப் படிப்பு. 14 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகச் சேர்ந்தார். மொத்தம் 7 வருடங்கள்!

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று. ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் இன்னொன்று. ஆனால் அவரை மாற்றியது ஐசக் வாட்ஸ் எழுதிய, மனதை மேம்படுத்துவது பற்றிய நூல். குறிப்பு எடு, சொற்பொழிவுகளுக்குப் போ, நண்பருக்குக் கடிதம் எழுது, கூடிப் பேசு என்பவைதான் அதன் யோசனைகள். ஃபாரடே ஒன்றையும் விடவில்லை.

1810 முதல் டேட்டம் என்பவரின் அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். 1812-ல் துத்தநாக வில்லைகள், செம்புக் காசுகள், உப்புநீரில் நனைத்த காகிதம் இவற்றை அடுக்கித் தானே ஒரு மின்கலம் செய்தார். செய்ததோடு நிற்காமல், நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு அதை விளக்கிக் கடிதமும் எழுதினார். அதே வருடம் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளைப் படங்களோடு விரிவாக எழுதி, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார். 300 பக்கங்களுக்கு மேல்! 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை ஒன்று காலியானபோது டேவி கூப்பிட்டது இவரைத்தான்.

அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். இடம் காலியானது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த 300 பக்கங்கள் அதிர்ஷ்டம் இல்லையே!

வேலை கிடைத்த பிறகும் அவர் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1818-ல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு கட்டுரைக் குழு தொடங்கினார். கற்பனை, துணிவு, படிப்பு என்று பல தலைப்புகளில் எழுதித் தங்களுக்குள் படித்துக்கொண்டார்கள். பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பேசவும் பயின்றார். பின்னாளில் அவர் பேச்சைக் கேட்க ராயல் இன்ஸ்டிடியூஷனில் கூட்டம் அலைமோதியது. இடையில் 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் அந்தத் தத்துவத்தில்தான் உற்பத்தியாகிறது.

அவருக்கு வராத ஒன்றும் உண்டு: உயர்கணிதம். காந்த விசைக்கோடுகளைச் சொல்லாலும் படத்தாலும்தான் விளக்கினார். அதைக் கணிதமாக்கியவர் அவரைவிட 40 வயது இளையவரான மேக்ஸ்வெல். ஃபாரடே அவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்காவிட்டால் மேக்ஸ்வெல் எதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருப்பார்?

இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஃபாரடே எதைக் கற்றாலும் அதை இன்னொருவருக்குக் கொடுக்கும்படி மாற்றினார். கேட்டது குறிப்பேடானது, செய்தது கடிதமானது, கண்டுபிடித்தது சொற்பொழிவானது. பல துறைகளில் அவர் வளர்ந்தது இப்படித்தான். அடுத்தவருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதுதானே நமக்கு எங்கே புரியவில்லை என்பதே தெரிகிறது?

நண்பர்களே, இன்று வகுப்பில் கேட்ட ஏதாவது ஒன்றை, அந்தப் பாடமே எடுக்காத ஒரு நண்பருக்கு ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பைண்டிங் எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்!